ஏறாத நீர்மட்டம்

கிளிநொச்சி அலுவலகத்தில் நானும் என்னிலும் இளையவள் ஒருத்தியும் அடுத்தடுத்த கதிரைகளில் இருந்து வேலை செய்தோம். குளங்களில் பொருத்திய கருவிகள் அனுப்பும் நீர்மட்டத்தைத் திரையில் காட்டும் மென்பொருள் எங்களுடையது. அவளுடைய பெற்றோர் அந்தக் குளங்களில் ஒன்றின் கீழே, முரசுமோட்டையில் வயல் செய்கிறார்கள்.

கருவிகள் கூடக்கூட மென்பொருள் திணறியது. மாரி மழைக்கு முன் அதை இரண்டு புரொசஸ்களாக, தனித்தனியே ஓடும் இரு நிரல்களாக, பிரித்தோம். ஒன்று அளவுகளை வாங்கும், மற்றது காட்டும். ஒன்றின் நினைவகத்தை மற்றது பார்க்க முடியாது என்பதால், இரண்டுக்கும் பொதுவாக, பெயரைக் கேட்டால் அதற்குரிய தரவைத் தரும் ஓர் அகராதி வைத்தோம். அதில் ஒவ்வொரு குளத்தின் பெயரின் கீழும் அன்றைய அளவுகளின் பட்டியல் இருக்கும். சோதித்தபோது பட்டியலுக்குப் பதிலாக ஒற்றை எண்ணைத்தான் போட்டுப் பார்த்தோம். சரியாக வந்தது.

மழை விடாத ஒரு பின்னேரம் அவளுடைய அம்மா அழைத்தார்.

"பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விட்டு வெளிக்கிடினம். நாங்களும் வெளிக்கிடவோ?"

அவள் திரையைப் பார்த்தாள். "பயப்பிடாதேங்கோ அம்மா. குளத்திலை தண்ணி ஏறேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைப்பு. "வீட்டு முத்தத்துக்குத் தண்ணி வந்திட்டுது பிள்ளை! அப்பா மாட்டை அவிழ்க்கப் போயிட்டார்." அத்தோடு தொடர்பு அறுந்தது.

அளவுகளை வாங்கும் புரொசஸைத் திறந்து பார்த்தேன். மத்தியானத்திலிருந்தே நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. திரையோ காலையில் வைத்த முதல் அளவிலேயே நின்றது. அகராதியிடம் உள்ளே இருக்கும் பட்டியலைக் கேட்டால், அது நகலைத்தான் தருகிறது. நாள் முழுக்க வந்த அளவுகளை நாங்கள் அந்த நகல்களில்தான் சேர்த்திருக்கிறோம். அகராதிக்கு எதுவும் தெரியாது. பிழைச் செய்திகூட வரவில்லை. சோதனையில் ஒற்றை எண்ணை நேரே அகராதியில் வைத்ததால் இது தெரியவில்லை. சேர்த்த பிறகு முழுப் பட்டியலையும் திரும்ப அகராதியில் வைக்க வேண்டும். ஒரேயொரு வரி. நான் அதை எழுதும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப அம்மாவை அழைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுதுபட்ட பிறகுதான் செய்தி வந்தது. யாரோ உழவு இயந்திரத்தில் அம்மா அப்பா இருவரையும் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். மாடுகள் தப்பின. கட்டியிருந்த கன்று வெள்ளத்தோடு போய்விட்டது.

"கொம்பியூட்டர் சொன்னதைத்தானே சொன்னனீ, நீ என்ன செய்வாய்" என்றாராம் அம்மா. அதை என்னிடம் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

"அதுக்குச் சொல்லிக் குடுத்தது நாங்கள்தானே அண்ணா."

இப்போது ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அது வந்த நேரத்தையும் காட்டுகிறோம். ஆனாலும் மழை இருட்டினால், அவள் திரையை நம்பாமல் குளக்கட்டடியில் கடை வைத்திருக்கும் ஒருவரை அழைத்துக் கேட்கிறாள். நானும் அவர் என்ன சொல்கிறார் என்று காதைக் கொடுத்தபடி இருக்கிறேன்.