வரி ஏறணுமா, இறங்கணுமா

காலையில் ஒன்பது மணிக்குமேல் புதுவாயல் ரோட்டில் ஒரு டேங்கர் லாரி போகும். எங்கள் கழனியைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடிக்கும். நீட்டமாக ஒன்று, குட்டையாக ஒன்று. அந்த இடத்தில் ரோட்டில் மாடும் இருக்காது, மனுஷரும் இருக்கமாட்டார்கள். அது எனக்காக அடிக்கிற ஹாரன். லாரியை ஓட்டுகிறவன் என் மகன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த நேரம் மட்டும் காது கேட்காது. நாலு வீடு தள்ளி வெங்காயம் வதக்குகிற சத்தம் கேட்கிற காது அது. ஹாரன் அடித்ததும் குனிந்து, இல்லாத புல்லைப் பிடுங்குவார்.

இந்தக் கூத்து போன சித்திரையில் ஆரம்பித்தது.

அந்த வருஷம் வேர்க்கடலை நல்ல காய்ப்பு. பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து மூட்டை கட்டியாயிற்று. எங்களிடம் வழக்கமாகக் கடலை எடுக்கிற பாய் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரர். வந்து ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த கடலை ஓட்டுக்குள் கலகலவென்று பேசும். எங்கள் கடலை நன்றாகத்தான் பேசியது. பாய்தான் பேசவில்லை.

"இன்னா பாய், கடலைக்கு ஜுரமா? இப்புடிப் பாக்குற?" என்றேன்.

"கடலை மேல கொற இல்ல யக்கா. வெளிநாட்டுப் பாமாயிலுக்கு வரியக் கொறச்சிட்டாங்க. கப்பல் கப்பலா வந்து எறங்குது. மில்லுக்காரன் கடலையக் கண்ணாலயே பாக்கமாட்டேன்றான்."

அவர் சொன்ன விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் மூட்டைமேலேயே குந்திவிட்டார்.

"டெல்லியில குந்திகினு என் கழனிக்கு வெல வெக்கிறானுங்களா?"

"பின்ன, உன்னக் கேட்டுகினா வெப்பாங்க?" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை வெளியே அனுப்பியதும் இந்த வாயால்தான். அப்புறம் நான் உள்ளே போகவேயில்லை.

பாய் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் மில்லில் அந்த விலைதான். மூட்டையெல்லாம் அவர் வண்டியில் ஏறின. விதைக்கு எடுத்துவைத்தது மட்டும் வீட்டில் தங்கியது.

அன்று சாயங்காலம்தான் என் மகன் வந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து லோடு அடிக்கிற டேங்கர். வேலைக்குச் சேர்ந்து நாலு நாள். புது வண்டியை எனக்குக் காட்டவேண்டும் என்று ஆசையாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். எங்கள் வீட்டைவிட அந்த வண்டி பெரிசு.

"யம்மா, பத்து சக்கரம். எண்ணிப் பாரு."

"எனக்கு அஞ்சு வரைக்கும்தான்டா வரும். மிச்சத்த நீ எண்ணிக்க," என்று டீ போட்டுக் கொடுத்தேன். அடுப்பில் வாழைக்காய் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது.

அவன் அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். "உள்ள இன்னாடா?"

"பாமாயில் நைனா. கப்பல்ல வருது, நாங்க கம்பெனிக்கு ஏத்தினு போறோம். இப்ப லோடு ஜாஸ்தி, டிரைவருங்களே பத்தல."

பையன் பெருமையாகத்தான் சொன்னான். இவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"எங்கடலைக்குக் குழி நோண்டுற எண்ணெ. அத எம்புள்ளையே ஓட்டினு வரானா? இந்த வண்டி என் ஊட்டு வாசல்ல நிக்கக் கூடாது. இந்த எண்ணெ இந்த ஊட்ல ஒரு சொட்டு பொழங்குனது கெடையாது, தெரியுமா?"

அப்போது என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஏன் பார்த்தான் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது பாமாயில். ரேஷன் கடைப் பாக்கெட். அன்றைக்கு மட்டுமல்ல, வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் அதுதான். விளைகிற கடலையெல்லாம் வியாபாரிக்குப் போய்விட்டால் செக்கில் ஆட்ட எதை எடுப்பது? கடையில் கடலெண்ணெய் விற்கிற விலைக்கு நான் தாலிக்கயிற்றைத்தான் கழற்றவேண்டும். பாக்கெட்டை உடைத்துக் கடலெண்ணெய்த் தூக்கில் ஊற்றிவைப்பேன். அவர் ஒவ்வொரு வடைக்கும், "நம்ம கடலெண்ணெ வாசனையே வேற," என்பார். நான், "ஆமாய்யா, உன் கை விளைச்சல்," என்பேன். ரேஷன் கடையிலிருந்து வாங்கிவந்தது யார்? என் மகன்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய சிரிப்பு.

அன்றைக்கு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இல்லை, அவன் சொல்லியிருக்கலாம். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரையே வாயால் அளக்கிற நான், அந்த ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு பஜ்ஜியைத் திருப்பிப் போட்டேன்.

அவன் பாதி டம்ளர் டீயை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். "வரேம்மா," என்றான். வரவில்லை. மறுநாளிலிருந்து அந்த ஹாரன் மட்டும்தான் வந்தது.

அவனும் மருமகளும் பேத்தியும் புதுவாயலில் வாடகைக்கு இருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். நானும் போய்ப் போய்ப் பார்த்தேன். கீழ்ப்பல் முளைத்ததைப் பேத்தி என் விரலைக் கடித்துத்தான் எனக்குச் சொன்னாள். ஆனால் நான் போகிற நேரமெல்லாம் அவன் துறைமுகத்தில் வரிசையில் நிற்பான். அவன் சட்டை மட்டும் கொடியில் தொங்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். என் வீட்டில், என் எதிரே சம்மணம் போட்டுக் குந்தி, "இன்னும் ரெண்டு போடும்மா," என்று அவன் கேட்கவேண்டும். கையில் கரண்டியை எடுத்தாலே எனக்கு அந்த நினைப்புதான்.

ஆடி மாசம் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போனேன். உடம்பெல்லாம் வேப்பிலை சுற்றி வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று வேண்டிக்கொள்ளத்தான் போனேன். இந்த உடம்புக்கு ஒரு முழு மரமே ஆகும், பரவாயில்லை. சன்னதியில் நின்று கண்ணை மூடினேன்.

"ஆத்தா, அந்த எண்ணெய்க்கு வரி ஏறணும்," என்று ஆரம்பித்தேன். கடலைக்கு விலை வரும், இவர் மனசு குளிரும், பிள்ளையைக் கூப்பிடுவார். உடனே இன்னொன்று நினைப்புக்கு வந்தது. வரி ஏறினால் எண்ணெய் வராது. எண்ணெய் வராவிட்டால் லோடு இல்லை. லோடு இல்லாவிட்டால் அவன் சும்மா குந்தவேண்டும். பேத்திக்குப் பால்? "வேணாம் ஆத்தா, எறங்கட்டும்," என்றேன். இறங்கினால் மூட்டைமேல் குந்தியிருந்தவர் முகம் வந்து நிற்கிறது.

ஏறணுமா, இறங்கணுமா? பின்னாலிருந்து ஒருத்தி, "ஆயா, இன்னா இம்மா நேரம்? சாமிகிட்ட கதையா பேசுற? நகரு," என்று தள்ளினாள்.

"டெல்லிக்காரனே மாத்தி மாத்தி யோசிக்கிறான், நான் யோசிக்கக் கூடாதா?" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அம்மனிடம் அவசரமாக, "நீயே பாத்து எதனா செய். எம்புள்ள எங்கையால சாப்புடணும், அவ்ளோதான்," என்று முடித்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தபோது பாய் போனில் கூப்பிட்டார். வரியை ஏற்றிவிட்டார்களாம். மில்லுக்காரர்கள் கடலை இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். எங்களிடம் விதைக்கு வைத்தது தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் இவர் போனை வைத்ததும் மீசையைத் தடவினார். "இந்தத் தபா ரெண்டு ஏக்கராவும் கடலைதான்மே."

அந்த வாரமே ஹாரன் நின்றுவிட்டது.

ஒரு நாள் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. லோடு வரவில்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்று மருமகள் சொன்னாள். நாலாம் நாள் நாங்கள் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். விதைக்கு மெஷினில் உடைத்தால் பருப்பின் தோல் உரிந்து முளைக்காது. ஒவ்வொன்றாகக் கையால்தான் உடைக்கவேண்டும். மணி ஒன்பதரை இருக்கும். இவர் கை நின்றது. ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

"இன்னாமே, இன்னிக்கும் வண்டி போவல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "உனக்குத்தான் அந்த நேரத்துல காது கேக்காதே?"

அவர் இன்னொரு கடலையை எடுத்து உடைத்தார். சிரித்து மழுப்பியது போதும் என்று தோன்றியது. உள்ளே போய்த் தூக்கையும் ஒரு ரேஷன் பாக்கெட்டையும் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தேன். பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் தூக்கில் ஊற்றினேன். அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"எப்பலேந்து?"

"உன் மீச கறுப்பா இருக்கும்போதுலேந்து."

"பொங்கலுக்குச் சுட்ட வடை?"

"அதுவும்தான்."

"என் தங்கச்சி வந்தப்ப, நம்ம கடலெண்ணெ பலகாரம்னு ஒரு டப்பா குடுத்தனுப்புனியே?"

"அது ரெண்டு பாக்கெட்டு ஆச்சு."

அவர் தூக்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் தாழ்ந்த குரலில், "அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"அவன்தான்யா வாங்கினு வருவான்."

"அன்னிக்கி ஏன் சொல்லல?"

"என்னை நீ திட்டுவேன்னு உன் திட்ட அவன் வாங்கினு போய்ட்டான். நானும் வாயத் தொறக்கல."

அவர் எழுந்து போனை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். பேசுவாரோ மாட்டாரோ என்று பார்த்தேன். "டேய், கடலை வெதைக்கிறோம். ஆளு பத்தல," என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

விதைப்பு அன்று வந்தான். ஆனால் அன்றைக்கென்று பார்த்து அவனுக்கு ஒரு லோடு கிடைத்திருந்தது. ரோட்டோரம் கழனியை ஒட்டி டேங்கரை நிறுத்தி இறங்கினான். இளைத்திருந்தான். பஜ்ஜியைப் பேப்பரில் மடித்து நீட்டினேன். ஒன்றைக் கடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"யம்மா, இது..."

"அதேதான். உன் நைனாவுக்கும் தெரியும். துன்னு."

அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. இவர் வரப்பில் நின்றபடி, "ஊட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு சாப்புட்டுப் போறது," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"கழனிக்குத்தான் நைனா ஆளு கேட்ட. வாசல்ல நிக்கக் கூடாதுன்னது இன்னும் அப்புடியே கீது," என்று சொல்லி, இரண்டு சால் விதை போட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டான். அப்பனைப்போலவே வீம்பு.

இப்போது கடலை பூவைத்திருக்கிறது. வரியை மறுபடியும் இறக்கிவிட்டார்கள் என்று பாய் சொன்னார். இவர் பெருமூச்சு விட்டார். ஒன்பது மணி ஹாரன் திரும்ப வந்துவிட்டது. இப்போது இவர் நிமிர்ந்து கையைத் தூக்குகிறார். ஆனால் என் அடுப்புக்கு எதிரே அவன் குந்துகிற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் இரண்டு கை அரிசி அதிகமாகத்தான் போடுகிறேன்.

நேற்று மத்தியானம் இவர் கத்தி கட்டிய கொம்போடு வாசலுக்குப் போனார். ரோட்டுப் பக்கம் நீண்டிருந்த முருங்கைக் கிளையை வெட்டித் தள்ளினார். போன சித்திரையில் டேங்கர் வந்தபோது அதன் தலையில் உரசிய கிளை அது.

"இன்னாத்துக்குய்யா அத வெட்டுற? நல்லா பூ வெச்சிக்கீது," என்றேன்.

"கம்பளிப்பூச்சி," என்றார்.

ஒரு பூச்சி இல்லை அதில். நான் விழுந்த பூவையெல்லாம் பொறுக்கி முறத்தில் போட்டேன். முருங்கைப்பூப் பொரியல் என்றால் அவனுக்கு உயிர்.