சீரியலை நிறுத்திய நேர்காணல்

போன கார்த்திகை மாதம், ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு முற்பகல். எனக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் தேனி மாவட்டத்துப் பெண், லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி என் வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், ஆன் ஆகவே மாட்டேங்குது. பதினொன்றரைக்கு இன்டர்வியூ!"

கம்பெனியில் ஆட்குறைப்பு செய்ததில் அவள் வேலை போயிருந்தது. இதுவும் கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது அவளுடைய அப்பாவின் உத்தரவு. செல்போனில் நேர்காணலுக்குள் நுழைய முடியாதாம். கட்டடத்திலிருந்த மற்ற லேப்டாப்புகளோ, மழைக்கு அஞ்சாத உரிமையாளர்களோடு அலுவலகம் போயிருந்தன.

நான் ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்தவன். எது பழுதானாலும் வரிசை தவறாமல் சோதிப்பது என் மதம். பிளக் பாயின்ட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் வந்தது. சார்ஜரைக் கழற்றி மாட்டினேன். பவர் பட்டனை நெடுநேரம் அழுத்திப் பிடித்து, விட்டு, மீண்டும் அழுத்தினேன். பட்டனில் விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"அங்கிள், கொஞ்சம் சீக்கிரம்..."

பதற்றத்தால் வரும் தீமைகளைப் பற்றி அவளுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அதிலும் சில நிமிடங்கள் போயின.

என் வரிசையில் கடைசி, டார்ச் சோதனை. திரையில் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தபோது, அவளுடைய அப்பா அம்மா படம் மங்கலாகத் தெரிந்தது. லேப்டாப் ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கு மட்டும் போய்விட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். அவள் பார்த்த பார்வையும் அதைத்தான் சொன்னது.

வேறு திரை வேண்டும். என் வீட்டு டிவி அந்தக் காலத்துப் பெட்டி. லேப்டாப் வயரைச் சொருக அதில் இடமே கிடையாது. கீழ்வீட்டுக்கு ஓடினோம். அங்கே சுவரில் பெரிய டிவி, அதில் சீரியல், சீரியலில் கல்யாணம். லேப்டாப்பை இணைக்கக் கிடைத்த ஒரே வயர், செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் அந்த முழ நீள வயர்தான். நான் அதில் கை வைத்ததும் அந்த வீட்டுக்கார அம்மாள் அலறினார்.

"இன்னா சார் பண்றே? தாலி கட்டப் போறான் சார்!"

"அக்கா, எனக்கு இன்டர்வியூ..." என்று அந்தப் பெண் சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது.

"அட, இதுக்கா அழுதுகினு கீறே? அவன் கட்னா கட்றான், கட்டாட்டி போறான். புடுங்கு சார்!"

பிடுங்கிச் சொருகினேன். டிவியில் பளிச்சென்று படம் வந்தது. ஆனால் வயர் குட்டை. டிவியோ என் தலை உயரத்தில். அந்த உயரத்துக்கு மேசை ஏது? எனவே சுவரோடு ஒட்டி நின்று, லேப்டாப்பை அவளைப் பார்த்தபடி இரு கைகளிலும் ஏந்திக்கொண்டேன். சரியாகப் பதினொன்றரைக்கு அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, "வேலை நடுவே கணினி கைவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "அங்கிள், கேமராவைக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன். அங்கே மூன்று அதிகாரிகள் கண்டது: தொங்கும் வயர், அதனடியில் மடித்துக் கட்டிய லுங்கியோடு நான். நானும் ஒரு காலத்தில் நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்து பலரை வியர்க்க வைத்தவன். "குட் மார்னிங் சார்" என்றார் ஒருவர். கை ஒழியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முடிந்ததும், "சார், உன்னையும் எட்துக்குனாங்களா?" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

என்னை எடுக்கவில்லை. அவளை எடுத்துக்கொண்டார்கள், அறையும் காலியாகவில்லை. எத்தனையோ இயந்திரங்களை ஓட வைத்திருக்கிறேன். ஆனாலும் நான் உருப்படியாகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால், கை மரத்துப்போக அசையாமல் நின்ற அந்த அரை மணி நேரத்தைத்தான் இன்றும் சொல்வேன்.