மேகலாவின் வீடு தண்ணீருக்குள் இல்லை

பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் பார்ப்பார்கள், வீடு வாசல் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இப்போது மேப்பும் பார்க்கிறார்கள். போன மே மாதம் நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனதற்கு அதுதான் காரணம்.

எங்கள் கோவை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர் மேகலா. அவருடைய வீடு கிழக்குப் பாலக்காட்டில் ஓர் அணையின் கரையில் இருக்கிறது. (எந்த அணை என்று கேட்காதீர்கள், கல்யாண விஷயம்.) உடுமலைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்து, பையனும் மேகலாவும் பேசிப் பிடித்தும் போயிருந்தது. பையனின் அப்பா வீட்டுக்கு வழி கேட்டார், மேகலா லொகேஷன் அனுப்பினார். அதைத் திறந்தால் வீடு நட்டநடுத் தண்ணீரில் நிற்கிறது. அணைப் புறம்போக்கை வளைத்து வீடு கட்டியிருக்கிறார்கள், நாளைக்கே அரசாங்கம் வந்து இடித்துவிடும் என்று அந்த மனிதர் முடிவே கட்டிவிட்டார். வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

பொதுமக்களே வரைந்து திருத்துகிற இலவச மேப் ஒன்று உண்டு. விடுமுறை வந்தால் அதில் ஏரி, குளம் வரைந்துகொண்டிருப்பது என் பைத்தியம். பல செயலிகள் அந்த மேப்பைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. பையனின் அப்பா பார்த்ததும் அப்படி ஒன்றில்தான்.

"அண்ணா, அந்த நீலத்தச் சித்தே தள்ளி விட முடியுங்களா?" என்று மேகலா கேட்டார். சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

உக்கடத்தில் காலை ஆறே முக்காலுக்கு பஸ். வாளையார் வழியாகப் போனால் லாரிகளுக்குப் பின்னால் நின்றே பொழுது போய்விடும். வேலந்தாவளம் வழியாகப் போங்கள், ஒன்றேகால் மணி நேரத்தில் கொழிஞ்சாம்பாறை. எல்லை தாண்டியது பெயர்ப்பலகையில் எழுத்து மாறும்போதுதான் தெரியும். கடைக்காரர் பேச்சு அதே கோவைப் பேச்சு. இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் லொகேஷனைக் காட்டினேன். ஓட்டுநர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது டேமுக்குள்ள காட்டுதுங்க. நம்ம ஆட்டோ நீந்தாதுங்களே."

மேகலாவின் அப்பா பழனிச்சாமி பெயரைச் சொன்னேன்.

"அட, அவிங்க ஊடுங்களா? அதச் சொல்ல வேண்டாமுங்களா, ஏறுங்க." ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய்.

கடைசித் திருப்பத்தில் பனைமரங்கள் விலகி அணை தெரிந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். எத்தனையோ நீர்நிலைகளை வரைந்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தெற்கே நெல்லியாம்பதி மலை கரும்பச்சையாக நிற்கிறது. அதன் அடியில் கோடையில் சுருங்கிய தண்ணீர், அதைச் சுற்றிப் பச்சைப் புல் விரித்த அணைப்படுகை, அதில் நூறு மாடாவது மேயும். அந்தப் புல்வெளிக்குள் நாக்கு நீட்டியதுபோல ஒரு மேடு. அதன் மேல் தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்று. அதைத்தான் மேப் மூழ்கடித்திருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கோளாறு இதுதான். மேப்பில் ஏரி என்பது சுற்றி வந்து மூடுகிற ஒரு கோடு, அவ்வளவுதான். உள்ளே இருப்பது நீலம், வெளியே இருப்பது நிலம். அந்தக் கோடு ஓர் இடத்தில் அறுந்தால் சில செயலிகளில் ஏரியே காணாமல் போகும். வேறு சில, அறுந்த இரண்டு முனைகளையும் நேராக இழுத்து முடிந்துவிடும். இங்கே அறுந்தது மேட்டைச் சுற்றிய துண்டு. நேர்கோடு மேட்டின் கழுத்தை வெட்டிப் போக, வீடு, தென்னை, மாட்டுக்கொட்டகை எல்லாம் நீலத்துக்குள் போய்விட்டன.

அறுந்த இடத்தில் கரையைப் புதிதாக நடந்து பதிவு செய்யலாம் என்று போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக இறங்கினேன். இருபது அடி போயிருப்பேன், விடுமுறைக்கு வீட்டில் இருந்த மேகலா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"எங்கீங்ணா போறீங்க? இப்பத் தண்ணி நிக்கற எடத்தையே கரைன்னு போட்டா, பாதி டேமு எங்க தோட்டங்காட்டோட சேந்துக்குமுங்க. அப்புறம் டேமையே வளைச்சுப் போட்டுட்டோம்பாங்க."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவர் சொன்னது சரிதான். மேப்புக்கு வேண்டியது அணை நிரம்பும்போது தண்ணீர் தொடும் கோடு. அந்த மட்டத்தில் அரசாங்கமே வரிசையாக எல்லைக்கல் நட்டிருக்கிறது. மேகலா முன்னால் போய் முள்செடியை விலக்கி ஒவ்வொரு கல்லாகக் காட்ட, நான் பதிவு செய்துகொண்டே நடந்தேன். வீட்டுக்கு நேர் கீழே இருந்த கல்லிலிருந்து வாசல் நல்ல உயரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேயே உட்கார்ந்து மேப்பில் அறுந்த கோட்டை ஒட்டினேன். பொழுது சாய்வதற்குள் என் போனில் மேட்டைவிட்டு நீலம் இறங்கிவிட்டது. பழனிச்சாமி போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நெலத்துக்குக் கரங்கட்டுன வரி ரசீதக் காட்டறேன்னேன், அதையும் பாக்கமாட்டேன்னுட்டாங்க," என்று மட்டும் சொன்னார். அவமானம் அந்த மனிதரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேகலா பையனுக்கு மறுபடி லொகேஷன் அனுப்பினார். நாலாம் நாள் பையனின் அப்பாவே பழனிச்சாமியைக் கூப்பிட்டு, இப்போது மேப்பில் சரியாக இருக்கிறது, வரும் ஞாயிறு வருகிறோம் என்றாராம். போனைக் கையில் வாங்கி மேகலா சொன்ன பதில், அலுவலகத்தில் அவரே எனக்குச் சொன்னது:

"வாங்க மாமா. ஆனா இப்ப வேண்டாமுங்க. டேமு நெறையட்டும், ஐப்பசில வாங்க. தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு உங்க கண்ணுல பாத்துப்போட்டுப் பேசலாமுங்க."

இவ்வளவு தூரம் போய்த் திருத்தியதே ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதற்காகத்தானே! மேகலாவோ எதுவும் நடக்காததுபோல் கணக்கு முடிக்க உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஓர் அணைக்கரைக்கு நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். போனில் இறக்கி வைத்த மேப் பழையதாகவே இருக்கும், புறப்படும் முன் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். இங்கே மட்டுமல்ல, மூணாறுப் பக்கத்து அணைகளிலும் கரையோர வழிகள் கோடையில் ஒன்று, மழையில் ஒன்று. இருட்டில் போனை நம்பி வண்டியை இறக்காதீர்கள், தங்கப்போகும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். படுகைப் புல்வெளி பார்க்க வேண்டுமென்றால் மே. தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி.

ஐப்பசியில் மேகலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அணை தளும்பி நிற்கிறது. பையனின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லைக்கல் பக்கத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்று, மேட்டு வீட்டை அண்ணாந்து பார்க்கிறார். அடியில் மேகலா எழுதியிருந்தது ஒரே வரி.

"அவராவே எறங்கிப் பாத்தாருங்ணா, அப்புறந்தான் உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுனோம்."