ஆரனுக்குத் துலுக்கிய கிடா

உலகத்து உயிரினங்களைக் காப்பதில் ஊர் மக்களுக்கும் பங்கு உண்டு என்று இப்போது பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். பேசட்டும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கருப்புக் கிடாதான் நினைவுக்கு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். அயோத்தியாப்பட்டணத்தில் பிறந்த நான், புதுச்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். கல்லூரியில் தாவரவியல் படித்தவள். வாயும் கொஞ்சம் நீளம். வந்த இடமோ மானாவாரி வெட்டவெளி. நடுவே அம்மன் கோயிலைச் சுற்றி மட்டும் வேம்பும் உசிலையும் அடர்ந்த ஒரு தோப்பு. அதில் ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்க மாட்டார்கள். கிளையெல்லாம் வௌவால், அடியில் மயில், கீரி, படித்த எனக்கே பெயர் தெரியாத கொடிகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் அங்கே போய் உட்காருவோம். காபி எங்கே என்று யாரும் அதட்டாத ஒரே இடம் அது. அது மட்டும் இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போயிருப்பேன்.

அப்போதுதான் ஊரில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் காசு புரள ஆரம்பித்திருந்தது. தோப்பில் பாதியை வெட்டிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்றார்கள். முன்னால் நின்றவர் கோயில் காரியம் பார்த்த என் மாமனார். மகள் கல்யாணத்தைச் சொந்த ஊர் மண்டபத்தில் நடத்த வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை.

"வெட்டுனா மறுபடி வருமுங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீயும் சொல்ல வேண்டாம் அம்மிணி, நானும் சொல்ல வேண்டாம். ஆத்தா சொல்லட்டும்."

ஆத்தா சொல்வது கிடாவின் வழியாக. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். உடம்பை உதறித் துலுக்கினால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம், கிடாவையும் வெட்டிவிடுவார்கள்; துலுக்காவிட்டால் உத்தரவு இல்லை. ஒரு தோப்பின் தலையெழுத்தை ஆட்டிடம் கொடுப்பதா என்று எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரை வெயில். தண்ணீரை ஊற்றினார்கள். கிடா அசையவில்லை. மறுபடி ஊற்றினார்கள். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. சகுனத்தையெல்லாம் கேலி பேசுகிற நான், "துலுக்கிடாதே ராசா" என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

என் கொழுந்தன் ஒருவன், ரிக் லாரி ஓட்டுகிறவன், பொறுமைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். தோப்போரம் நின்ற தன் லாரியில் ஏறி ஆரனை அழுத்திவிட்டான். வௌவால்கள் மொத்தமாக வானத்துக்குக் கிளம்பின. கிடாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது; தலையிலிருந்து வால்வரை துலுக்கியது.

"துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு!" என்று ஆண்கள் கத்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் மட்டும் கத்தவில்லை. போக இடமில்லாமல் வெயிலில் வட்டமிட்ட வௌவால்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு கையை உயர்த்தினார்.

"இது ஆத்தா குடுத்த உத்தரவு இல்லீங்க. ஆரன் குடுத்தது."

"எப்படியோ துலுக்கிருச்சல்லங்க?" என்றான் கொழுந்தன்.

"திருட்டு உத்தரவுல மண்டபம் கட்டி, அதுல எம் புள்ளைய மணையில உக்கார வெக்கறதா? வேண்டாம் சாமி. மரம் நிக்கட்டும்."

அவருடைய ஆசை எவ்வளவு பெரியது என்று வீட்டில் இருந்த எனக்குத் தெரியும். ஊரை எதிர்க்க அவருக்கு எந்தச் சட்டமும் துணைக்கு இல்லை. ஒப்புக்கொண்ட விதி தனக்கு எதிராகப் போனபோதும் அவர் அதை மதித்தார். அன்றைக்கு அவர்மேல் வந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

கிடா பிழைத்தது. நாத்தனார் கல்யாணம் தோப்போரம் பந்தல் போட்டு நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் மேளத்துக்குப் போட்டியாக மயில் அகவ, மாமனார் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அதன் பிறகு ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. தோப்பைத் தாண்டும்வரை எந்த வண்டியும் ஆரன் அடிக்கக் கூடாது. முதலில் எங்கள் ஊர் வண்டிகள் அடங்கின. அவற்றைப் பார்த்து வெளியூர் வண்டிகளும் பழகிக்கொண்டன.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் தோப்பில் உட்கார்ந்திருந்தோம். வடநாட்டுக்குப் போர்க்கிணறு போடப் போயிருந்த கொழுந்தன் லாரியோடு திரும்பி வந்தான். நடுப்பாதையில் ஒரு மயில் நகராமல் நின்றது. அவன் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அதற்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

"போ சாமி, போ. ஊட்டுக்குப் போவோணும்."