சிவப்பு விளக்கில் நின்ற மாப்பிள்ளை

காதல் நகைச்சுவைப் படங்கள் எந்த நாட்டில் எடுக்கப்பட்டாலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் போகும். முதலில் இருவரும் சண்டை பிடிப்பார்கள், நடுவில் பிரிவார்கள், கடைசியில் ஒருவர் மூச்சிரைக்க ஓடுவார். நான் பார்த்தவற்றில் யாருமே ஓடாத படம் ஒன்றுதான். அது ஜேர்மன் படம். கல்முனையில் எங்கள் வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை பகல் சோற்றுக்குப் பிறகு அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது.

கசெட்டையும் டெக்கையும் கொண்டுவந்தவர் உம்மாவின் மாமி மகன். நான் அவரை மாமா என்பேன். சவூதியில் ஜேர்மன்காரர்களுக்கு வாகனம் ஓட்டிவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். அவர்களுடைய பாஷை தனக்கு நன்றாக வரும் என்றார். சோதித்துப் பார்க்க எங்கள் தெருவில் ஆள் இல்லை. டீவியின் பக்கத்தில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஆண் குரல் பெண் குரல் இரண்டையும் அவரே தமிழில் சொன்னார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டின் பெரிய கவலை சாச்சியின் கூரை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். உம்மாவின் தங்கையான சாச்சிக்கு எங்கள் வளவிலேயே சுவர் எழுந்து நின்றது. எங்கள் இறக்காமத்து வயலில் யானை இறங்கி விளைச்சல் அழிந்ததால் கூரை எழவில்லை. கூரை போடாமல் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்பது உம்மாவின் சட்டம்.

படத்தில், ஒரே மாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒருவனும் ஒருத்தியும் படிக்கட்டில் சைக்கிள் வைப்பதற்காகச் சண்டை பிடித்தார்கள். அவள் கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனாள். அவளைத் தேடி அவன் பெட்டியோடு புறப்பட்டான். வழியில் சிவப்பு விளக்கு. ஆளில்லாத தெருவில் அப்படியே நின்றான்.

“வாகனம் ஒண்டும் வரல்லியே, இவன் ஏன்கா நிக்கான்?” என்றார் பக்கத்து வீட்டு மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு பச்சை விழுந்தது. அவள் வீட்டில் பாதிச் சுவருக்குத்தான் வர்ணம், நடுவில் ஏணி. அவன் வாசலில் நின்று ஏதோ கதைத்தான். மாமா தொண்டையைச் செருமினார்.

“கூரை இல்லாட்டி என்ன? வாறன், ரெண்டு பேரும் சேந்து போடுவம். நீ ஓம் எண்டு மட்டும் சொல்லு.”

“கூரை இரிக்கே மாமா!” என்றேன் நான். உண்மையில் இருந்தது, விளக்குக்கூடத் தொங்கியது.

திரையில் அவள் வாய் திறந்தாள். மாமா குரல் கொடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் சுளகில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சாச்சி, தலையை நிமிர்த்தாமல், “ஓம்” என்றாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. உம்மா சாச்சியைப் பார்த்தார், பிறகு மாமாவின் முதுகைப் பார்த்தார்.

“கூரைக்கு ஓடு வாங்கிறது ஆராம்?” என்று கேட்டார்.

“அவன்தானாம் மச்சி,” என்றார் மாமா, திரும்பாமலே. “ஜேர்மனில அப்படித்தானாம்.”

வாப்பாதான் முதலில் சிரித்தார். உம்மா சிரிக்காமலிருக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி போட எழுந்து போனார்.

போன மாதம் மகளின் கணினியில் அந்தப் படம் மறுபடி கிடைத்தது, ஆங்கில எழுத்தோடு. வாசலில் அவன் உண்மையில் சொல்வது, “சிவப்பு விளக்கு, அதனால் பிந்திவிட்டது.” அவளுடைய பதில், “தெரியும்.” மற்றப் படங்களின் ஓட்டத்தையெல்லாம் அந்த இரண்டு வரியில் கேலி செய்துவிடுகிறார்கள். நல்ல படம்தான். ஆனாலும் மாமா சொன்னதுதான் எனக்குப் பிடித்த படம்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. படத்தைச் சாச்சி குழப்பிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த அறுவடைக்கு முன்பே ஓடு வந்து இறங்கியது. மாமா பெட்டியோடு எங்கள் வளவுக்கே வந்தார். இனிமேல் அவரைச் சாச்சா என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். கூப்பிட்டேன். இருக்கிற கூரையை இல்லை என்று பிழையாகச் சொன்ன ஒருவருக்கு ஊரே கூடி ஏன் சோறு ஆக்கிப் போடுகிறது என்பதுதான் விளங்கவில்லை.