ஜெபமணி எனக்கு விற்ற ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக்செட் கடை நடத்திவந்த ஜெபமணி அவர்கள் போன செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்தொன்று. அவருடைய மனைவி ரூத்தம்மாள்தான் ராஜபாளையத்தில் என் மைக்செட் கடைக்குப் போன் செய்து சொன்னார். கூடவே ஒரு வேலையும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் இருவரையும் நண்பர்கள் என்று பலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் நாங்கள் போட்டிக்காரர்கள்.

அவர் முதலில் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் எலெக்ட்ரீசியனாக இருந்தார். ஒருநாள் தெருவில் போனவர் என் கடைக்குள் வந்து, "அண்ணாச்சி, உங்க செட்டுல ஒரு வால்வு சாவப்போவுது. இரைச்சல் கேக்கு. திருவிழாவுக்குக் கொண்டு போவாதிய" என்றார். கூலி கேட்டு வருகிறார் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். திருவிழாவில் சாமி புறப்படும் நேரத்தில் செட் அணைந்தது. ஊர்ப் பெரியவர்கள் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எண்பத்தாறில் அவர் ஆலை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக் கடை போடத் துணிந்தார். அதே சமயம் ஊருக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸ் மூடப்பட்டு, அதன் ஒலிச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு வால்வு ஆம்பிளிஃபயர், நாலு ஹாரன், ரெக்கார்டு பிளேயர், இரண்டு மைக். எல்லாம் சேர்த்து நாலாயிரம் பெறும். அதற்கு மேல் கொடுப்பவன் வியாபாரி இல்லை.

வந்திருந்த கடைக்காரர்கள் நாங்கள் டீக்கடையில் கூடிப் பேசி வைத்தோம். நான் மட்டும் கேட்பது, மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, ஆளுக்கு இருநூறு கொடுத்துவிடுவது. இது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஜெபமணி மட்டும் சேரவில்லை. "பேசி வச்சிட்டுக் கேட்டா அது ஏலமா அண்ணாச்சி? எங்கிட்ட ஏழாயிரம் இருக்கு. அதுக்குள்ள நான் கேட்டுப் பாக்கேன்" என்றார். கையில் இருப்பதைப் போட்டியாளனிடம் சொல்லும் மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

ஏழாயிரம் வரை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது, அவர் தலையில் கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். ஏழாயிரம் வந்தது. அவர் கேட்ட தொகை அது. நிறுத்தியிருக்கலாம். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆம்பிளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. மேலே ஏற்றினேன். அவரும் ஏற்றினார். நான் ஒன்பதாயிரம் என்றேன். அவர் மெதுவாக, "ஒம்பதாயிரத்து நூறு" என்றார். நான் உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

அப்போது ஏலம் விட்டவர், "ரெண்டு பேரும் இருங்க" என்றார். அஞ்சு மணிக்குள் முதல் ஆள் முழுப் பணம் கட்டாவிட்டால், இரண்டாவது ஆள் தான் கேட்ட விலைக்கே எடுக்க வேண்டும். மறுத்தால், ஏலம் கேட்க ஆளுக்குக் கட்டியிருந்த முன்பணம் மூவாயிரம் திரும்பாது. ஆரம்பத்திலேயே வாசித்தாராம். நான் அப்போது கூட்டாளிகளுக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மணி மூன்று. எடுத்தால் எனக்கு ஐயாயிரம் நட்டம், ஓடினால் மூவாயிரம் நட்டம். ஜெபமணிக்கு இரண்டாயிரத்து நூறு குறைகிறது. கடை திறக்கும் செலவுக்காகத் தளவாய்புரத்தில் வளையலை அடகு வைக்கப் போன ரூத்தம்மாள் பணத்தோடு பஸ்ஸில் வருவதாக ஜெபமணி சொன்னார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தோம். அந்த அம்மாள் வர வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

"எதுக்குவே அம்புட்டு ஏத்துனீரு?" என்று கேட்டேன்.

"மில்லுல எழுதிக் கொடுத்துட்டேன். வெறுங்கையோட எங்க போவ? நீங்க எதுக்கு ஏத்துனிய?"



நாலரை ஆனது. இரண்டு பஸ் போய்விட்டது. ஏலக்காரர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "குறையிறத நான் தாரேன், பொறவு கொடும்" என்றேன்.

"கடன் வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணு விக்கேன், வாங்கிக்கிடுங்க."

"என்னத்த விக்கீரு?"

"ராஜபாளையத்த. மில்லுக்காரங்க பூரா எனக்குப் பழக்கம். அவங்க வீட்டு விசேஷம் எல்லாம் எனக்குத்தான் வரும். ரெண்டாயிரத்து நூறு தாங்க, அந்த ஊருக்குள்ள நான் மைக் கட்ட மாட்டேன். நீங்க வில்லிபுத்தூருக்குள்ள கட்டப்படாது."

என் ஊரை எனக்கே விற்கிறார். அதுவும் சரியாகக் குறைகிற தொகைக்கு. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எண்ணிக் கொடுத்தேன்.

ஐந்தேகாலுக்கு ரூத்தம்மாள் பணத்தோடு வந்து இறங்கினார். பஸ் டயர் வெடித்ததாம். என் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஏலம் முடிஞ்சிட்டே அண்ணாச்சி" என்றார் ஜெபமணி. அடகுப் பணத்துக்குப் புது வால்வும் வயரும் வாங்கிக் கடையைத் திறந்தார்.

அன்று அதிக விலை கொடுத்தது யார் என்று அவரும் நானும் பார்க்கும்போதெல்லாம் சண்டை போடுவோம். ஒன்று மட்டும் சொல்வேன். அதன்பின் ஒருநாளும் அவர் ராஜபாளையத்துக்குள் ஒரு ஹாரன் கட்டியதில்லை. ஆலை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கே கூப்பிட்டும், "அது அண்ணாச்சி ஊரு" என்று என்னிடம் அனுப்பிவைத்தார். அந்தப் பேச்சுக்குக் காகிதம் எதுவும் கிடையாது.

இனி, ரூத்தம்மாள் சொன்ன வேலை. "நாளைக்கு அடக்கம். ஒரு கல்யாண வீட்டுக்கு அவிய வாக்குக் கொடுத்துட்டாவ, நம்ம செட்டு அங்க போவுது. அடக்கத்துக்கு நீங்க கொண்டாங்க."

"நான் வில்லிபுத்தூருக்குள்ள கட்டப்படாதுன்னு பேச்சு இருக்கேம்மா."

"இருக்கத்தான் செய்யுது. ஓசியா கட்டுனா நீங்களா உள்ள வந்து பேச்சு மீறுனதாயிரும். நான் வாடகைக்குக் கூப்பிட்டதா இருக்கட்டும், வாங்கிட்டுப் போங்க. கடைய நான் நடத்துவேன், ஊரு எங்களோடதுதான்."

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து என் மைக்கை அணைத்தபோது, தூரத்துக் கல்யாண வீட்டில் அவருடைய செட் பாடுவது கேட்டது. காதைக் கொடுத்துக் கேட்டேன். துளி இரைச்சல் இல்லை.

நிம்மதியாகத் தூங்குங்கள், ஜெபமணி. பேச்சை மீறவில்லை. ஒரு ஆம்பிளிஃபயர், இரண்டு ஹாரன், ஒரு மைக், மூன்று மணி நேரம். வாடகை நூற்றைம்பது ரூபாய், வண்டிக்கூலி தனி. அடக்கம் முடிந்ததும் நான் உங்கள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.