சின்னச் சரிவுகளை விடமாட்டேன்

அண்டக்கதிர்ச் சரிவை ஆராய்வதென்பது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று குறைந்துவிட்டது என்று ஊரை நம்பவைக்கும் தொழில். மேற்பார்வையாளரிடம் மாட்டிக்கொண்ட சக ஆய்வு மாணவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மழை வருமோ?

சூரியன் சீறும்போது, விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் கதிர்கள் சில நாட்களுக்குக் குறையும்; அதுதான் சரிவு. அப்போது முகிலும் குறைகிறதா என்பதே என் ஆய்வு. இணுவிலில் பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "உதுக்கு யாழ்ப்பாணம் போய்ப் படிக்கோணுமோ பிள்ளை? மழை வருமோ வராதோ, அதைச் சொல்லன்."

பெரிசுகள் காணும்

என் பேராசிரியர் வரைபுகளைக் கண்ணால் பார்த்து, ஆழமான சரிவுகளை மட்டும் தெரிவுசெய்திருந்தார். அவற்றோடு முகிலும் அழகாகக் குறைந்தது. அந்த முடிவால்தான் அவருக்குப் பெயர்.

கதிர்கள் ஒவ்வொரு நாளும் இயல்பாகவே கொஞ்சம் ஏறி இறங்கும். நான் அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு, சிறிது பெரிது பாராமல் சரிவுகளைத் தெரிவுசெய்யக் கணினியிடம் விட்டேன். அவருடைய சரிவுகள் சில காணாமல் போயின. அவர் காணாதவை பல வந்து சேர்ந்தன. முகிலோடு இருந்த தொடர்பையே காணவில்லை! பயந்துபோய்த் திரும்பத் திரும்பச் செய்துபார்த்தேன். அதே விடை.

பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "உந்தச் சின்னனுகளை விடும் பிள்ளை. பெரிசுகள் காணும், அதுவே போதும்."

பெயர்

நான் விடவில்லை. துறைக் கருத்தரங்கில் இரண்டு தெரிவுகளையும் அருகருகே போட்டுக் காட்டினேன். "தரவு ஒண்டுதான். தெரிவு மாற விடையும் மாறுது. ஏன் இதுகளை எடுத்தம் எண்டு சொல்லாட்டி, விடை எங்கடை ஆசைதான்" என்றேன்.

முன்வரிசையிலிருந்த பேராசிரியர் எழுந்தார். "அப்ப நீர் எழுதுற கட்டுரையிலை என்ரை பெயரை எடுத்துவிடும்."

மண்டபமே என் மன்னிப்புக்குக் காத்திருந்தது.

"ஓம் சேர், எடுக்கிறன்."

எடுத்தேன். முதல் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. அடுத்தது, வேறு வகையாகவும் தெரிவுசெய்து காட்டச் சொன்னது. காட்டினேன், வெளியிட்டார்கள். என் பெயர் தனியாக நின்றது. ஆய்வுகூடத் தோழி பர்ஹானா தேத்தண்ணி வாங்கித் தந்து சொன்னாள்: "இனி உன்னட்டை ஒருத்தரும் வடிவான வரைபு கேக்கமாட்டினம்."

வேண்டியதைப் பொறுக்கினால் கைதட்டல், எல்லாவற்றையும் எடுத்தால் தனிமை என்றிருக்கும் இந்தத் தொழிலில், நான் இன்னும் எல்லாவற்றையும்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.